பெரிய பவர் பேங்க் வாங்குமுன்: எண்களைப் படிக்கும் முறை

சில ஆண்டுகளுக்கு முன்புவரை பவர் பேங்க் என்பது கைப்பேசிக்கான துணைப்பொருளாக மட்டுமே இருந்தது. இன்று நிலைமை மாறியிருக்கிறது. மடிக்கணினிகளில் பல, கைப்பேசியைப் போலவே யூஎஸ்பி சி துளையின் வழியாக மின்னேற்றம் பெறுகின்றன. கணினி விளையாட்டுகளைக் கையில் வைத்தே ஆடுவதற்கான ஏசுஸ் ஆர்ஓஜி அல்லை, லெனோவா லீஜியன் கோ, ஸ்டீம் டெக் போன்ற கருவிகளும் அவ்வாறே. வெளியூரில் பயிலும் பிள்ளைகள், அடிக்கடி பயணம் செய்யும் அலுவலர்கள், மின்தடை மிகுந்த ஊர்களிலிருந்து பணிபுரிவோர் என்று பலதரப்பினரும் பெரிய கொள்ளளவுள்ள பவர் பேங்குகளைத் தேடத் தொடங்கியுள்ளனர்.

தேடும்போது முதலில் கண்ணில் படுவது பெட்டியின் மேல் பெரிதாக அச்சிடப்பட்டிருக்கும் எண்: 20,000, 27,000, 30,000, சில வேளைகளில் 50,000. எண் பெரிதாக இருந்தால் பயனும் பெரிதாக இருக்கும் என்று எண்ணுவது இயல்பு. ஆனால் அந்த எண்ணை மட்டும் நம்பி வாங்கியவர்கள் பின்னர் மூன்று விதமான ஏமாற்றங்களைச் சந்திக்க நேர்கிறது. எதிர்பார்த்த அளவு மின்சாரம் கிடைப்பதில்லை. கைப்பேசி மின்னேற்றம் பெறுகிறது, மடிக்கணினி பெறுவதில்லை. விமான நிலையப் பாதுகாப்புச் சோதனையில் பவர் பேங்கையே விட்டுச்செல்ல வேண்டியதாகிறது. இம்மூன்றையும் வாங்குவதற்கு முன்பே தவிர்க்கலாம். அதற்குத் தேவையானது சிறிய அச்சில் உள்ள வேறு இரண்டு எண்களைப் படிக்கும் பழக்கம். ஒன்று வாட் மணி, மற்றொன்று வாட்.

மில்லி ஆம்பியர் மணியும் வாட் மணியும்

பெட்டியின் மேல் பெரிதாகக் காணப்படும் எண் எம்ஏஎச் எனச் சுருக்கமாக வழங்கும் மில்லி ஆம்பியர் மணி ஆகும். இது மின்கலத்தில் எவ்வளவு மின்னோட்டம் எவ்வளவு நேரம் கிடைக்கும் என்பதைக் குறிக்கும். எந்த மின்னழுத்தத்தில் என்பதை அது சொல்லாது. எனவே வெவ்வேறு மின்னழுத்தத்தில் இயங்கும் கருவிகளை இந்த எண்ணால் ஒப்பிட முடியாது. அடக்கியுள்ள ஆற்றல் முழுவதையும் சொல்லும் அளவு வாட் மணி. கணக்கு எளியது: மில்லி ஆம்பியர் மணியை 1,000 ஆல் வகுத்து, மின்கலத்தின் மின்னழுத்தத்தால் பெருக்கினால் வாட் மணி கிடைக்கும்.

பவர் பேங்கின் உள்ளே இருக்கும் லித்தியம் அயனி மின்கலங்களின் மின்னழுத்தம் பொதுவாக 3.6 அல்லது 3.7 வோல்ட். ஆகவே 10,000 எம்ஏஎச் என்பது 37 வாட் மணி. 20,000 என்பது 74 வாட் மணி. 27,000 என்பது ஏறத்தாழ 100 வாட் மணி. 30,000 என்பது 111 வாட் மணி. லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை மின்கலங்களைக் கொண்ட பவர் பேங்குகளும் விற்பனையில் உள்ளன. அவற்றின் மின்னழுத்தம் 3.2 வோல்ட் என்பதால் அதே 20,000 எம்ஏஎச் அங்கே 64 வாட் மணியாகிவிடும். பெட்டியின் மேல் ஒரே எண் இருக்க, உள்ளே இருக்கும் ஆற்றல் வேறுபடுகிறது. பொருளின் அடிப்புறத்தில் டபிள்யூஎச் என்ற குறியுடன் வாட் மணி அச்சிடப்பட்டிருக்கும். ஒப்பிட வேண்டியது அதையே.

முழுத் தொகையும் கைக்கு வருவதில்லை

இந்த 74 வாட் மணியும் நம் கருவிக்கு அப்படியே வந்துசேரும் என்று எண்ணக் கூடாது. மின்கலம் 3.7 வோல்ட்டில் தருவதை, கருவி கேட்கும் 5, 9, 15 அல்லது 20 வோல்ட்டாக உயர்த்தித் தர வேண்டும். அந்த மாற்றத்தில் ஒரு பகுதி வெப்பமாக வீணாகிறது. நல்ல தரமுள்ள பவர் பேங்கில் 100க்கு ஏறத்தாழ 85 பங்கு வெளியே வரும் என்று கொள்ளலாம். தரம் குறைந்தவற்றில் இதுவும் குறையும். பெயரில் வங்கி இருந்தாலும், இங்கே போட்டதை எடுக்கும்போதெல்லாம் ஒரு கட்டணம் பிடித்தம் செய்யப்படுகிறது என்று நினைவில் கொண்டால் போதும்.

இதனால்தான் நேர்மையான உற்பத்தியாளர்கள் பெட்டியின் பின்புறத்தில் 'ரேட்டட் கெபாசிட்டி' என்று இன்னோர் எண்ணையும் அச்சிடுகின்றனர். 20,000 எம்ஏஎச் பவர் பேங்கில் இந்த எண் பெரும்பாலும் 12,000 முதல் 13,000 வரை இருக்கும். இது 5 வோல்ட்டில் உண்மையாக வெளிவரும் அளவு. இதைக் கண்டு ஏமாற்று வேலை என்று கருத வேண்டியதில்லை. மின்னழுத்த மாற்றமும் இழப்பும் சேர்ந்த இயல்பான கணக்கு இது. மாறாக, இந்த எண்ணையே அச்சிடாத பொருளைத்தான் ஐயத்துடன் பார்க்க வேண்டும்.

எடையும் ஒரு சான்றாகும். உருளை வடிவ லித்தியம் மின்கலம் ஒன்று 3,000 எம்ஏஎச் அளவுக்கு ஏறத்தாழ 45 கிராம் எடை கொண்டது. 20,000 எம்ஏஎச் தேவையென்றால் இத்தகைய மின்கலங்கள் ஏழு வேண்டும். அவற்றின் எடை மட்டுமே 300 கிராமைத் தாண்டும். புதிய வகை மின்கலங்கள் சற்று இலேசானவை என்றாலும், 20,000 என்று அச்சிட்டு 200 கிராம் மட்டுமே எடையுள்ள பவர் பேங்க், தான் சொல்லும் கொள்ளளவைக் கொண்டிருக்க முடியாது. 50,000 என்ற எண்ணுடன் சட்டைப்பையில் அடங்கும் பொருளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியதில்லை.

வாட்: மடிக்கணினி ஏற்கும் வேகம்

வாட் மணி என்பது தொட்டியின் கொள்ளளவு என்றால், வாட் என்பது குழாயின் அகலம். தொட்டி எவ்வளவு பெரியதாக இருந்தாலும் குழாய் குறுகியதாக இருந்தால் பயனில்லை. மடிக்கணினிக்காகப் பவர் பேங்க் வாங்குவோர் முதலில் பார்க்க வேண்டியது இதுதான்.

நம் சந்தையில் மிகுதியாக விற்பனையாகும் 20,000 எம்ஏஎச் பவர் பேங்குகளில் பல, 22.5 வாட் திறன் உடையவை. இவை கைப்பேசிகளைக் கருத்தில் கொண்டு வடிவமைக்கப்பட்டவை. இவற்றின் யூஎஸ்பி சி துளை பெரும்பாலும் 5, 9, 12 வோல்ட் வரை மட்டுமே தரும். மடிக்கணினிகளோ பெரும்பாலும் 20 வோல்ட்டை எதிர்பார்க்கின்றன. துளை பொருந்தும், கேபிள் பொருந்தும், ஆனால் மின்னேற்றம் நிகழாது. அல்லது, மெதுவான மின்னேற்றி என்ற எச்சரிக்கை திரையில் தோன்றும்.

இதற்குத் தீர்வு 'பவர் டெலிவரி' என்ற பொது நெறிமுறை. பவர் பேங்கும் கருவியும் தமக்குள் பேசி, எவ்வளவு மின்னழுத்தம், எவ்வளவு மின்னோட்டம் என்று முடிவு செய்துகொள்ளும் ஏற்பாடு இது. இதன் வழக்கமான படிகள் 5, 9, 15, 20 வோல்ட். 2021இல் வந்த 3.1 பதிப்பு இதன் உச்சவரம்பை 240 வாட் வரை உயர்த்தியது. பெட்டியில் 'பிடி' என்ற இரண்டு எழுத்துகளைக் கண்டதும் நிறைவடைந்துவிடக் கூடாது. 'பிடி 20 வாட்' என்பதும் பிடிதான், 'பிடி 100 வாட்' என்பதும் பிடிதான். 'அவுட்புட்' என்ற தலைப்பின்கீழ் உள்ள சிறிய எழுத்துகளில் '20 வோல்ட், 3.25 ஆம்பியர்' போன்ற வரி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டையும் பெருக்கினால் 65 வாட். 20 வோல்ட் வரியே இல்லையென்றால் அது மடிக்கணினிக்கு உரியதன்று.

இன்னொரு நுட்பமும் உண்டு. பெட்டியின் மேல் உள்ள 65 வாட் என்பது சிலவற்றில் ஒரே துளையின் திறன். சிலவற்றில் எல்லாத் துளைகளும் சேர்ந்த மொத்தத் திறன். மடிக்கணினியோடு கைப்பேசியையும் இணைத்தவுடன் மடிக்கணினிக்கான பங்கு 45 வாட்டாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்துவிடலாம். ஒரே நேரத்தில் இரண்டு கருவிகளை இணைக்கும் வழக்கமுள்ளவர்கள் இந்தப் பங்கீட்டைக் கேட்டறிந்து வாங்க வேண்டும்.

கேபிளும் கணக்கில் சேரும்

100 வாட் பவர் பேங்க் வாங்கிவிட்டு, வீட்டில் கிடந்த பழைய கேபிளால் இணைத்தால் 100 வாட் கிடைக்காது. சாதாரண யூஎஸ்பி சி கேபிள் 3 ஆம்பியர் வரைதான் தாங்கும். 20 வோல்ட்டில் அது 60 வாட். அதற்கு மேல் வேண்டுமானால் 5 ஆம்பியர் தாங்கக்கூடிய, உள்ளே அடையாளச் சில்லு பொருத்தப்பட்ட கேபிள் தேவை. இத்தகைய கேபிள்களின் மேல் 100 வாட் அல்லது 240 வாட் என்று குறிக்கப்பட்டிருக்கும். பவர் பேங்குடன் கேபிள் தரப்படுகிறதா, அது எத்தனை வாட் தாங்கும் என்பதையும் விலையோடு சேர்த்தே கணக்கிட வேண்டும்.

விளையாட்டுக் கருவிகளின் தேவை

கையடக்க விளையாட்டுக் கருவிகள் அனைத்தையும் ஒரே தட்டில் வைத்துப் பார்க்க இயலாது. நிண்டெண்டோ சுவிட்சின் முதல் தலைமுறைக் கருவியில் உள்ள மின்கலம் 4,310 எம்ஏஎச், அதாவது 16 வாட் மணி. 10,000 எம்ஏஎச் பவர் பேங்க் ஒன்றே அதை ஏறத்தாழ இருமுறை நிரப்பிவிடும். ஸ்டீம் டெக்கின் முதல் வடிவத்தில் 40 வாட் மணி, பின்னர் வந்த ஓஎல்இடி வடிவத்தில் 50 வாட் மணி. அதனுடன் வரும் மின்னேற்றி 45 வாட். ஆர்ஓஜி அல்லையின் முதல் வடிவத்தில் 40 வாட் மணி, லீஜியன் கோவின் முதல் வடிவத்தில் 49 வாட் மணி. இவ்விரண்டின் மின்னேற்றியும் 65 வாட். ஆர்ஓஜி அல்லை எக்ஸ் என்ற அடுத்த வடிவத்திலோ மின்கலம் 80 வாட் மணியாக இரட்டித்துவிட்டது. 20,000 எம்ஏஎச் பவர் பேங்கிலிருந்து வெளிவரக்கூடியது 63 வாட் மணிதான் என்பதால், அதை ஒருமுறைகூட முழுமையாக நிரப்ப இயலாது.

இந்தக் கருவிகளைப் பொறுத்தவரை, ஆடிக்கொண்டே மின்னேற்றம் செய்யும் பழக்கம்தான் பெரிதும் காணப்படுகிறது. கனமான விளையாட்டு ஓடும்போது கருவி 25 வாட்டோ அதற்கு மேலோ உறிஞ்சும். பவர் பேங்க் தருவது 18 வாட் என்றால், இணைத்திருக்கும்போதே கருவியின் மின்கலம் குறைந்துகொண்டே வரும். பவர் பேங்க் பழுதாகிவிட்டது என்று கருதி அதைக் கடைக்குக் கொண்டுசெல்வோரும் உண்டு. உண்மையில் வரவைவிடச் செலவு மிகுந்திருக்கிறது, அவ்வளவுதான். இத்தகைய கருவிகளுக்கு 45 வாட்டுக்குக் குறையாத பவர் பேங்க் பொருத்தமானது. 65 வாட் இருப்பின் மடிக்கணினிக்கும் சேர்த்துப் பயன்படும்.

மடிக்கணினியின் தேவை

எல்லா மடிக்கணினிகளும் பவர் பேங்க் மூலம் இயங்குபவை அல்ல. முதலில், நம் மடிக்கணினியின் யூஎஸ்பி சி துளை மின்னேற்றத்தை ஏற்குமா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். சில கணினிகளில் அத்துளை கோப்புப் பரிமாற்றத்துக்கு மட்டுமே. வட்ட முனையுள்ள பழைய மின்னேற்றியுடன் வந்த கணினிகளில் பல இவ்வகையைச் சேர்ந்தவை. துளையின் அருகே மின்கலம் அல்லது மின்செருகி போன்ற குறி இருக்கிறதா என்று பார்க்கலாம்; கையேட்டில் தெளிவாக இருக்கும்.

அடுத்து, கணினியோடு வந்த மின்னேற்றியின் வாட் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். 30 முதல் 65 வாட் வரை என்றால் பவர் பேங்க் பொருத்தமாக அமையும். தனி வரைகலைச் சில்லுடன் கூடிய விளையாட்டு மடிக்கணினிகள் 180, 240 வாட் மின்னேற்றிகளுடன் வருகின்றன. இவற்றுக்கு 100 வாட் பவர் பேங்க் வாங்கினாலும், எழுத்துப் பணி, இணைய உலா போன்ற இலேசான வேலைகளுக்கு உதவுமேயன்றி, விளையாட்டுக்கு உதவாது. அதற்காகச் செலவிடுவது வீண்.

தேவையைக் கணக்கிடும் முறை

எவ்வளவு பெரியது வாங்கலாம் என்பதை ஊகத்துக்கு விடாமல், வீட்டிலேயே கணக்கிடலாம். ஒரு கருவியின் மின்கல வாட் மணியை, அது ஒருமுறை மின்னேற்றத்தில் ஓடும் மணிநேரத்தால் வகுத்தால், அது சராசரியாக எத்தனை வாட் செலவிடுகிறது என்பது தெரியும்.

கல்லூரி மாணவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவருடைய மடிக்கணினியின் மின்கலம் 50 வாட் மணி, அது ஐந்து மணிநேரம் ஓடுகிறது. எனவே செலவு 10 வாட். நெடுந்தூர ரயில் பயணத்தில் அதை மேலும் நான்கு மணிநேரம் பயன்படுத்த விரும்பினால் 40 வாட் மணி தேவை. விளையாட்டுக் கருவி 40 வாட் மணி, இரண்டு மணிநேரம் ஓடுகிறது. செலவு 20 வாட். கூடுதலாக ஒரு மணிநேரம் ஆட 20 வாட் மணி தேவை. மொத்தம் 60. இழப்பையும் சேர்க்க இதை 0.85 ஆல் வகுத்தால் 71 வாட் மணி. 74 வாட் மணி கொண்ட 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் போதுமானது. கைப்பேசியையும் ஒருமுறை நிரப்ப வேண்டுமென்றால் மேலும் 19 வாட் மணி சேரும். அப்போது 93 வாட் மணி வேண்டும். 27,000 எம்ஏஎச் அளவை நோக்கிச் செல்லலாம்.

ரயிலில் மின்செருகி இருக்கிறதே என்று கேட்கலாம். தீ விபத்தைத் தவிர்க்கும் நோக்கில், இரவு 11 மணி முதல் காலை 5 மணி வரை பெட்டிகளில் மின்னேற்றும் வசதியை நிறுத்திவைக்கும் நடைமுறை 2021இல் ரயில்வேயில் கொண்டுவரப்பட்டது. இரவுப் பயணங்களுக்குத் திட்டமிடுவோர் இதையும் கருத வேண்டும்.

பவர் பேங்கை நிரப்ப ஆகும் நேரமும் முக்கியம். 'இன்புட்' என்ற தலைப்பின்கீழ் இதற்கான எண் இருக்கும். 74 வாட் மணி பவர் பேங்கை 10 வாட் மின்னேற்றியால் நிரப்ப ஏறத்தாழ ஒன்பது மணிநேரம் ஆகும். 18 வாட்டில் ஐந்து மணிநேரம். 65 வாட்டில் இரண்டு மணிநேரத்துக்குள் முடியும். மின்சாரம் சில மணிநேரமே கிடைக்கும் இடங்களில் இருப்போருக்கு, வெளிவரும் வேகத்தைவிட உள்ளே செல்லும் வேகமே பெரிதாகிவிடும்.

விமானத்தில் 100 என்ற எல்லை

கொள்ளளவுக்கு மேல்வரம்பு ஒன்றை விமானப் பயண விதிகளே வகுத்துவிடுகின்றன. பன்னாட்டு நெறிகளின்படி, 100 வாட் மணி வரையிலான பவர் பேங்கைக் கைப்பையில் எடுத்துச்செல்லலாம். 100க்கு மேல் 160 வரை உள்ளவற்றுக்கு விமான நிறுவனத்தின் முன் அனுமதி வேண்டும். 160ஐத் தாண்டினால் பயணிகள் கொண்டுசெல்ல அனுமதி இல்லை. எந்த அளவாயினும், சரக்குப் பகுதிக்குச் செல்லும் பெட்டிக்குள் பவர் பேங்கை வைக்கக் கூடாது.

இந்த எல்லையை மேலே கண்ட எண்களோடு பொருத்திப் பார்த்தால், 27,000 எம்ஏஎச் வரை தடையில்லை. 30,000 என்பது 111 வாட் மணி என்பதால் அனுமதி கேட்க வேண்டியது. 50,000 என்பது 185 வாட் மணி என்பதால் விமானத்தில் ஏறவே முடியாது. சந்தையில் 26,800, 27,000 போன்ற எண்களில் பவர் பேங்குகள் காணப்படுவதன் காரணமும் இந்த 100 வாட் மணி எல்லைதான். அச்சிட்ட எழுத்துகள் அழிந்துபோன பவர் பேங்கைச் சோதனையில் மறுக்கவும் கூடும். எனவே வாட் மணி தெளிவாகப் பொறிக்கப்பட்ட பொருளையே வாங்குவது நல்லது.

இந்த விதிகள் வெறும் சம்பிரதாயம் அல்ல. 2025 ஜனவரியில் தென்கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில் நின்றிருந்த ஏர் பூசான் விமானம் ஒன்று தீக்கிரையானது. பவர் பேங்கே அதன் காரணமாக இருக்கலாம் என்று விசாரணையில் கருதப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில், தில்லியிலிருந்து திமாப்பூருக்குப் புறப்படவிருந்த விமானத்தில் பயணி ஒருவரின் பவர் பேங்க் தீப்பற்ற, ஊழியர்கள் உடனே அணைத்தனர். இவற்றின் விளைவாகப் பல விமான நிறுவனங்கள் தத்தம் விதிகளை இறுக்கியுள்ளன. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2025 ஏப்ரல் முதலும், எமிரேட்ஸ் அக்டோபர் முதலும் பறக்கும்போது பவர் பேங்க் பயன்படுத்துவதைத் தடை செய்தன. எமிரேட்ஸில் ஒரு பயணிக்கு ஒரு பவர் பேங்க் மட்டுமே அனுமதி. பயணத்துக்கு முன் அந்தந்த நிறுவனத்தின் அறிவிப்பை ஒருமுறை பார்த்துவிடுவது சிரமத்தைத் தவிர்க்கும்.

தர முத்திரையும் அதைச் சரிபார்க்கும் வழியும்

74 வாட் மணி ஆற்றலைச் சிறு பெட்டிக்குள் அடைத்து, படுக்கைக்கு அருகிலும் பைக்குள்ளும் வைத்துக்கொள்கிறோம். ஆகவே விலைக்கு முன்னதாகப் பாதுகாப்பைப் பார்க்க வேண்டும். இந்தியாவில் விற்கப்படும் பவர் பேங்குகள் இந்தியத் தர நிர்ணய அமைவனமான பிஐஎஸ்ஸின் கட்டாயப் பதிவுத் திட்டத்தின்கீழ் வருகின்றன. பொருளின் மேல் அமைவனத்தின் முத்திரையும், 'ஆர்' என்ற எழுத்துடன் தொடங்கும் எட்டு இலக்கப் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். முத்திரையைப் போலியாக அச்சிடுவது கடினமன்று. எனவே 'பிஐஎஸ் கேர்' என்ற கைப்பேசிச் செயலியில் அந்த எண்ணை உள்ளிட்டுப் பாருங்கள். எந்த நிறுவனம், எந்தப் பொருள், பதிவு நடைமுறையில் உள்ளதா என்பன திரையில் தெரியும். பெயர் பொருந்தவில்லை என்றால் வாங்க வேண்டாம்.

பெட்டியின் மேல் உற்பத்தியாளர் அல்லது இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும், உற்பத்தியான நாடு, மாதம், ஆண்டு, அதிகபட்ச விற்பனை விலை, நுகர்வோர் தொடர்பு எண் ஆகியவை இருக்க வேண்டும் என்பது சட்ட எடையளவை விதிகளின் தேவை. நெடுநாள் கிடங்கில் கிடந்த லித்தியம் மின்கலம் கொள்ளளவை இழக்கும் என்பதால், உற்பத்தி மாதத்தைக் கவனிப்பது நன்று.

புகழ்பெற்ற நிறுவனத்தின் பொருளாயினும் கவனம் தேவை. 2025 ஜூனில் ஆங்கர் நிறுவனம் தன் 10,000 எம்ஏஎச் பவர் பேங்க் வகையொன்றில், அமெரிக்காவில் விற்ற 10 லட்சத்துக்கும் மேற்பட்டவற்றைத் தீ அபாயம் கருதித் திரும்பப் பெற்றது. பெயருள்ள நிறுவனத்தின் சிறப்பு, குறை நேரவே நேராது என்பதன்று. நேர்ந்தால் அறிவித்து மாற்றித் தர ஒருவர் இருக்கிறார் என்பதே. பில்லும் வரிசை எண்ணும் கையில் இருந்தால்தான் அந்த உரிமையைக் கோர முடியும்.

பணம் செலுத்தும்போது

பவர் பேங்குக்கு இப்போது 18 சதவீதம் ஜிஎஸ்டி. வரி விவரத்துடன் கூடிய பில்லைக் கேட்டுப் பெறுங்கள். பில் இல்லாமல் சற்றுக் குறைந்த விலை என்பது, உத்தரவாதமும் புகார் செய்யும் வாய்ப்பும் இல்லாத விலை.

இணையக் கடைகளில் 'நோ காஸ்ட் இஎம்ஐ' என்ற வசதியைத் தேர்ந்தெடுப்பவர்கள் அதன் கணக்கை அறிந்திருப்பது நல்லது. பெரும்பாலும் கடன் தருபவர் வட்டி விதிக்கிறார். அந்த வட்டிக்குச் சமமான தொகையை விற்பவர் தள்ளுபடியாகத் தருகிறார். ஆனால் வட்டியின் மீதான ஜிஎஸ்டியும், சிலவற்றில் செயலாக்கக் கட்டணமும் வாடிக்கையாளரைச் சேரும். ரொக்கமாகச் செலுத்தினால் கிடைக்கும் தள்ளுபடி கைவிட்டுப் போகவும் கூடும். சிறிய தொகையுள்ள பொருளுக்கு இவ்விரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தபின் முடிவு செய்வது சிக்கனம்.

சமூக ஊடக விளம்பரங்களில் 50,000 எம்ஏஎச் பவர் பேங்கை நம்பமுடியாத விலைக்குத் தருவதாகக் கூறி, அறிமுகமில்லாத தளத்துக்கு அழைத்துச்செல்லும் இணைப்புகளைத் தவிர்க்க வேண்டும். பணத்தைப் பெறுவதற்கு யூபிஐ ரகசிய எண்ணை உள்ளிட வேண்டிய தேவை ஒருபோதும் இல்லை. பணம் திரும்பத் தருவதாகக் கூறி அதைக் கேட்பவர் மோசடிக்காரரே. பணத்தை இழக்க நேர்ந்தால் உடனே வங்கிக்கும் 1930 என்ற எண்ணுக்கும் தெரிவியுங்கள். பொருளின் தரம், உத்தரவாதம் தொடர்பான குறைகளுக்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

சொந்தமாகப் பவர் பேங்க் வைத்திருப்பதில் வங்கி வாடிக்கையாளருக்கு ஒரு தனி நன்மையும் உண்டு. பொது இடங்களில் உள்ள யூஎஸ்பி மின்னேற்றத் துளைகளின் வழியே கைப்பேசியிலுள்ள தகவல்கள் திருடப்படும் அபாயத்தைப் பற்றி, ரிசர்வ் வங்கி 2022இல் வெளியிட்ட நிதி மோசடி விழிப்புணர்வுக் கையேடு எச்சரித்துள்ளது. நம் பவர் பேங்கையே பயன்படுத்தினால் அந்த அச்சத்துக்கு இடமில்லை.

பேணலும் அகற்றலும்

லித்தியம் மின்கலத்தின் முதல் பகை வெப்பம். கோடைக்காலத்தில் வெயிலில் நிறுத்திய காருக்குள்ளும், மின்னேற்றத்தின்போது தலையணைக்கு அடியிலும் பவர் பேங்கை வைக்கக் கூடாது. நெடுநாள் பயன்படுத்தாமல் வைப்பதென்றால் பாதி அளவு மின்னேற்றத்துடன் குளிர்ந்த இடத்தில் வைப்பது நன்று. முற்றிலும் தீர்ந்த நிலையிலோ முழுதும் நிரம்பிய நிலையிலோ மாதக்கணக்கில் விட்டால் ஆயுள் குறையும். பொதுவாக 500 முறை முழுமையாக நிரப்பித் தீர்த்தபின் கொள்ளளவு ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருக்கும் என்று எதிர்பார்க்கலாம்.

மேற்பகுதி உப்புதல், வழக்கத்துக்கு மாறான சூடு, இனிப்பான இரசாயன வாடை ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் அந்தக் கணமே பயன்பாட்டை நிறுத்த வேண்டும். அழுத்தியோ குத்தியோ திறந்தோ பார்க்கக் கூடாது. புகை வந்தால் அங்கிருந்து விலகி 112ஐ அழைக்க வேண்டும்.

பழுதான பவர் பேங்கை வீட்டுக் குப்பையில் போடுவது ஆபத்தானது. குப்பை வண்டியில் நசுங்கினாலே தீப்பற்றக்கூடும். 2022ஆம் ஆண்டின் மின்கலக் கழிவு மேலாண்மை விதிகள், பயன்படுத்திய மின்கலங்களைத் திரும்பப் பெறும் பொறுப்பை உற்பத்தியாளர் மீது சுமத்தியுள்ளன. நிறுவனத்தின் சேவை மையத்திலோ அங்கீகாரம் பெற்ற மின்கழிவுச் சேகரிப்பு மையத்திலோ ஒப்படைக்கலாம்.

வாங்குமுன் கேட்க வேண்டிய ஏழு கேள்விகள்

1. என் கருவி யூஎஸ்பி சி வழியாக மின்னேற்றம் ஏற்குமா? அதனுடன் வந்த மின்னேற்றி எத்தனை வாட்?

2. பவர் பேங்கில் 20 வோல்ட் வெளியீடு உண்டா? ஒரே துளையில் எத்தனை வாட்?

3. வாட் மணி எவ்வளவு? 'ரேட்டட் கெபாசிட்டி' அச்சிடப்பட்டுள்ளதா?

4. விமானப் பயணம் உண்டெனில், 100 வாட் மணிக்குள் இருக்கிறதா?

5. பிஐஎஸ் பதிவு எண் செயலியில் பொருந்துகிறதா?

6. கேபிள் எத்தனை வாட் தாங்கும்? பவர் பேங்க் நிரம்ப எவ்வளவு நேரம் ஆகும்?

7. ஜிஎஸ்டி பில்லும் உத்தரவாதமும் கிடைக்கின்றனவா?

மடிக்கணினி, விளையாட்டுக் கருவி, கைப்பேசி ஆகிய மூன்றையும் வைத்திருக்கும் பெரும்பாலோருக்கு, 20,000 முதல் 27,000 எம்ஏஎச் வரை, 65 வாட் வெளியீடு கொண்ட பவர் பேங்க் போதுமானதாக இருக்கும். அதற்கு மேல் செல்வோர் கூடுதல் எடையையும் பயணத் தடையையும் சேர்த்தே விலைக்கு வாங்குகின்றனர். கைப்பேசிக்கு மட்டும் வேண்டுமென்போர் 10,000 எம்ஏஎச்சோடு நிறைவடையலாம். தேவையைக் கணக்கிட்டபின் கடைக்குச் சென்றால், பெட்டியின் மேல் உள்ள பெரிய எண்ணுக்காக வீண்செலவு செய்ய நேராது.